அடுத்த பேட்மேன் படத்தில் ப்ரூஸ் வேனுக்கு என்ன வேலை?

கோதம்வாசி:

வணக்கம் மக்களே. மாட் ரீவ்ஸ் இயக்கிய 2022 பேட்மேன் படத்தை நேற்று ராத்திரி நான்காவது முறையாகப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு நாலு நிமிஷம்தான் குறைச்சல், ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. அடுத்த பாகம் 2025-இல் வரவேண்டியது, 2026 என்றார்கள், அப்புறம் 2027 அக்டோபர் 1 என்று தேதி போட்டார்கள். அதுவரைக்கும் வில்லன் யார், ஜோக்கர் வருவாரா என்றுதான் எல்லா இடத்திலும் பேச்சு ஓடுகிறது. என் கேள்வி வேறு. பேட்மேன் முகமூடிக்குள் இருக்கும் பணக்காரன், ப்ரூஸ் வேன் என்கிற மனிதனை என்ன செய்யப் போகிறார்கள்?

முதல் பாகத்தில் ப்ரூஸ் வேன் என்று ஒருத்தன் இல்லவே இல்லை. முகமூடியைக் கழற்றினாலும் கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு அப்படியே இருக்கிறது. கம்பெனிக் கணக்கர்களை வீட்டு நிர்வாகி ஆல்ஃபிரட் வீட்டுக்கே வரவழைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவன் அங்கே போக மாட்டான். மேயர் தேர்தலில் நிற்கும் பெல்லா ரியால், சாவு வீட்டுக்கூட்டத்திலேயே இவனைப் பிடித்து, உங்கள் குடும்பம் ஊருக்கு நிறையச் செய்திருக்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்கிற மாதிரி கேட்கிறார். பதில் இல்லை. அப்பா ஊருக்கென்று ஒதுக்கிய நிதியை அவர் செத்த பிறகு மாஃபியா தலைவன் ஃபால்கோனும் மற்றவர்களும் பங்குபோட்டுத் தின்றிருக்கிறார்கள். அந்தப் பணம் போய்ச் சேராத அநாதை இல்லத்தில்தான் அந்தப் படத்தின் வில்லன் ரிட்லர் வளர்கிறான், அந்தக் கட்டடமே ஒரு காலத்தில் வேன் குடும்பத்தின் மாளிகை. மகன் ஒருநாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

அதனால் என் யோசனை: முதல் பாகத்தின் முடிவில் ரிட்லர் கடல் சுவரை உடைத்து மூழ்கடித்த கோதம் நகரம், இப்போது வெள்ளம் வடிந்து நிற்கிறது. ப்ரூஸ் அந்த நிதியை மறுபடி தொடங்குகிறான். கறுப்பைத் துடைத்துவிட்டு விருந்துகளுக்குப் போகிறான், கை குலுக்குகிறான். வில்லன் அந்த நிதியை நடத்தும் குழுவிலேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். காமிக்ஸில் 2011-இல் வந்த ஆந்தைகள் சபை இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது, பழைய பணக்காரக் குடும்பங்கள் ரகசியமாக ஊரை ஆளும் கதை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பனிமூட்டம்:

ப்ரோ, ப்ரூஸ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஆந்தைகள் வேண்டாம். முதல் பாகமே பெரிய மனிதர்களின் ரகசியம் பற்றித்தான், அதையே திரும்பச் செய்தால் அலுத்துவிடும். எனக்கு உறைபனியை ஆயுதமாக்கும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் வேண்டும். ரீவ்ஸ் உலகத்தில் உறைபனித் துப்பாக்கி எடுபடாது என்பார்கள், துப்பாக்கியே தேவையில்லை. 1992 அனிமேஷன் தொடர்தான் அவருக்கு நோரா என்கிற மனைவியைக் கொடுத்தது, அதற்கு முன்னால் அவர் ஐஸ் வைத்து மிரட்டும் சாதாரணத் திருடர். அந்த நோராவை இந்தக் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். கடல் தடுப்புச் சுவர் உடைகிறது, கரண்ட் போகிறது, அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்த இயந்திரம் நின்றுபோகிறது. மேட்டில் இருந்த கோபுரங்களில் மட்டும் விளக்கு எரிகிறது. அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒரு மருத்துவர். எனக்கு இது போதும்.

சிவப்புவெளிச்சம்:

இரண்டு பேரும் அந்தப் பையனை மறந்துவிட்டீர்கள்! கொலையான மேயர் மிட்செலின் மகன். அப்பாவின் உடலை முதலில் பார்த்ததே அவன்தான். சாவு வீட்டில் கார் பாய்ந்து வரும்போது ப்ரூஸ் அவனைத்தான் இழுத்துக் காப்பாற்றுகிறான். கடைசியில் தண்ணீருக்குள் சிக்கியவர்களிடம் பேட்மேன் கையை நீட்டும்போது எல்லாரும் பயந்து பின்வாங்குகிறார்கள், முதலில் கையைப் பிடிப்பது அவன். அப்புறம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேட்மேன் முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் தண்ணீரில் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

உடனே பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின் மாதிரி உடை போடச் சொல்லவில்லை. பையன் ப்ரூஸ் வசிக்கும் கோபுரத்துக்கு வந்து தங்கட்டும், அவ்வளவுதான். அவன் அப்பா லஞ்சப் பணத்தில் இருந்தவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. ப்ரூஸும் தன் அப்பாவைப் பற்றி அதே மாதிரி ஒன்றைத் தெரிந்துகொண்டவன். உன் அப்பா கெட்டவரா என்று அந்தப் பையன் சாப்பாட்டு மேசையில் கேட்டால் இவன் என்ன சொல்வான்? எனக்கு எந்தச் சண்டைக் காட்சியையும் விட அந்தக் காட்சி வேண்டும்.

ஆற்றங்கரை:

அந்தப் படத்தில் வந்த ரவுடி பெங்குவினை வைத்து எடுத்த தொடரைப் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

2024-இல் வந்த அந்த எட்டு எபிசோடுகளையும் சேர்த்து யோசியுங்கள் நண்பர்களே. பெங்குவினிடம் வேலைக்குச் சேரும் பையன் விக்டரின் குடும்பமே வெள்ளத்தில் செத்தது கோதமின் ஏழைப் பகுதியான கிரவுன் பாயின்ட்டில். அங்கே மாதக்கணக்கில் இல்லாத கரண்டைத் திரும்பக் கொண்டுவந்தது யார்? ஆஸ், அதாவது பெங்குவின். மிரட்டித்தான் செய்தான், ஆனால் விளக்கு எரிந்ததா இல்லையா? அந்தத் தெருவில் நிற்கிறவனுக்கு பேட்மேன் யாரோ, ஆஸ் நம்ம ஆள். அதே ஆஸ் தன்னைக் குடும்பம் என்று நம்பிய விக்டரைக் கடைசியில் தன் கையாலேயே கொன்றான் என்பது அந்த ஜனங்களுக்குத் தெரியாது. ஆஸாக நடிக்கும் காலின் ஃபேரலை இரண்டு காட்சிக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு அனுப்பினால் நான் மன்னிக்க மாட்டேன்.

கோதம்வாசி:

ஆற்றங்கரை, இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்! என் ஆந்தைகளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படம் கிரவுன் பாயின்ட்டில் தொடங்கட்டும். ப்ரூஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு நிதியைப் பற்றிச் சொல்ல வருகிறான், ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து, எங்களுக்கு ஏற்கெனவே ஒருத்தர் செய்துவிட்டார் தம்பி என்று சொல்லிச் சாத்திவிடுகிறாள். ஃப்ரீஸும் அங்கேயே இருக்கட்டும், பனிமூட்டம் சொன்ன மாதிரி, அவருக்கு மட்டும் அந்தக் கரண்ட் தாமதமாக வந்தது. பையனைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அவன் அம்மா உயிரோடுதான் இருக்கிறார், அவரை விட்டு அவன் கோபுரத்துக்கு எப்படி வருவான்? சிவப்புவெளிச்சம், அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். அம்மாவைக் கொல்வது மட்டும் வேண்டாம்.