கமரா ஹவுசிங் உள்ளே ஆவி படிகிறது, உதவி தேவை

வணக்கம். கடலுக்கடியில் படம் எடுக்கும் அண்ணாமார், அக்காமார் உதவுங்கள். ஒலிம்பஸ் டிஜி-6 கமராவை பிடி-059 ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத வெளிக்கூடு) போட்டுப் பாவிக்கிறேன். தண்ணீரில் இறங்கி 20 நிமிடம் போனதும் முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்துவிடுகிறது.

இடம் கொழும்புக்குப் பக்கத்தில் கல்கிசைக் கடலில், பாறைக்கடியில் குகை மாதிரி அமைதியான ஓர் ஒதுக்கு. ஆழம் 12 மீட்டர் வரை. அங்கே நகத்தளவு நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) ஒன்று, முதுகில் செவுள் பூப்போல விரிந்திருக்கும். மைக்ரோஸ்கோப் மோடில் அதன் கொம்பு தெளியும் நேரம் பார்த்து நடுவில் வெள்ளை வட்டம் தோன்றி, அப்படியே பரவிவிடும். கரையேறிக் கொஞ்ச நேரத்தில் தானாக மறைகிறது.

கசிவு இல்லை. கமரா இல்லாமல் டிஷ்யூ மட்டும் வைத்து இறக்கிப் பார்த்தேன், காய்ந்தபடியே வந்தது. மூடியை இறுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டேன். கொழும்புக் காற்றின் ஈரம் தெரியும்தானே, அதனால் இரவே ஏசி அறையில் வைத்து மூடினேன். ஆவி கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். வீடியோ எடுத்தால் சீக்கிரமே வருகிறது, கமராவின் சூடும் காரணமாக இருக்கலாம். வாங்கிய கடையில் புது ஹவுசிங் வாங்கச் சொல்கிறார்கள்.

கமரா தனியாக 15 மீட்டர் தாங்கும்தான், ஆனால் எல்லைக்கு அவ்வளவு கிட்டக் கொண்டுபோக மனமில்லை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் இறங்க முடியாது.

இதே ஹவுசிங்கில் டைவ் முடியும்வரை ஆவி படியாமலிருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?