பெக்டெனா, செசாபெக்டெனா? ஒரே சிப்பிக்கு இரண்டு பெயர்ச்சீட்டுகள்

கேள்வி:
வர்ஜீனியாவில் வசிக்கும் என் அக்கா ஸ்காலப் சிப்பியின் புதைபடிவங்கள் இரண்டை அனுப்பியிருக்கிறார். ஒன்றன் சீட்டில் "பெக்டென் ஜெபர்சோனியஸ் சே, 1824" என்றும், மற்றதில் "செசாபெக்டென் ஜெபர்சோனியஸ் (சே, 1824)" என்றும் இருக்கிறது. முதலாவதில் 10 வரிமேடுகள், இரண்டாவதில் 15. இரண்டும் ஒரே இனமா? அந்த அடைப்புக்குறி அச்சுப்பிழையா?

மறுமொழி 1:
15 என்றால் அது மேடிசோனியஸ், அதே பேரினத்தின் இன்னோர் இனம். எண்ணினால் போதும்.

மறுமொழி 2:
போதாது ஐயா! வரியை மட்டும் எண்ணிப் பெயர் சூட்டும் வழக்கத்தால்தான் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இத்தனை குழப்பம்.

முதலில் அடைப்புக்குறி. அது பிழை அன்று, விதி. வர்ஜீனியாவின் யார்க்டவுன் பக்கம் ஜான் ஃபின்ச் திரட்டிய சிப்பிகளைப் பிலடெல்பியாவில் ஆராய்ந்த தாமஸ் சே, 1824இல் இதைப் பெக்டென் பேரினத்தில் சேர்த்து, அப்போது உயிரோடிருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெபர்சனின் பெயரை வைத்தார். அந்தக் காலத்தில் விசிறி வடிவில் எது கிடைத்தாலும் பெக்டென்தான். உண்மையான பெக்டெனில் ஓர் ஓடு குழிந்தும் மற்றது தட்டையாகவும் இருக்கும்; உங்களுடையதில் இரண்டுமே புடைத்தவை. 1975இல் வார்டு, பிளாக்வெல்டர் என்ற ஆய்வாளர்கள் செசாபெக்டென் என்ற புதிய பேரினத்தை அமைத்து இதை அங்கே மாற்றினார்கள். இனப்பெயரும் சேயின் உரிமையும் அப்படியே நிற்கும். பேரினம் மாறியதைக் காட்டவே அடைப்புக்குறி. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் மார்ட்டின் லிஸ்டர் 1687இலேயே இதன் படத்தை வெளியிட்டுவிட்டார். வட அமெரிக்கப் புதைபடிவம் ஒன்று அறிவியல் நூலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. ஆனாலும் விலங்குப் பெயரீட்டின் கணக்கு 1758இல்தான் தொடங்குகிறது; அதற்கு முந்தியவை செல்லாது, பாவம் லிஸ்டர்.

இனி இனம். ஜெபர்சோனியஸுக்குப் பொதுவாக 9 முதல் 12 வரிகள். ஆகவே உங்கள் இரண்டாவது சிப்பியின் மீது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இவை ஒரே மரபின் தொடர்ச்சி. நடுவே கோடு கிழிப்பது மனிதர்கள். யார்க்டவுன் படிவு என்ற பாறைத் தொகுதியின் கீழடுக்கில் ஜெபர்சோனியஸ், அதற்கு மேலே மேடிசோனியஸ். எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாமல் நான் முடிவு சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
சீட்டில் "வர்ஜீனியா" என்று மட்டுமே இருக்கிறது. வேறு எதைப் பார்ப்பது?

மறுமொழி 2:
வலது ஓட்டின் காதுக்கடியில் (ஓடுகள் இணையும் கீல் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் காது) உள்ள வெட்டைப் பாருங்கள். நூலிழை விட்டுப் பாறையில் ஒட்டிக்கொள்ள உதவியது அது. மேரிலாந்தின் கால்வெர்ட் குன்றுகளில் கிடைக்கும், மயோசீன் என்ற முந்தைய புவிக்காலத்தைச் சேர்ந்த நெஃப்ரென்ஸ் என்ற செசாபெக்டென் இனத்தில் அது ஆழமானது. பிந்தைய இனங்களில் ஆழம் குறைந்துகொண்டே போகிறது. இரண்டு ஓடுகளின் காதுப் பகுதியையும் அருகிலிருந்து படமெடுத்துப் போடுங்கள். எந்த ஆற்றங்கரை, குன்றின் அடியிலா மேலேயா என்று அக்காவிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பழைய சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். கழுவுவதானால் வெறும் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். வினிகர் பட்டால் ஓடு கரைந்துவிடும்.