தாவுல் மலைக்கோயில்: சுவரை விட்டுக் கிளம்பிய ஓவியம்

பைரனீஸ் மலையில், ஸ்பெயினின் கத்தலோனியப் பக்கம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் தாவுல். அங்குள்ள புனித கிளமெண்ட் தேவாலயம் 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சிக்கப்பட்டது. தேதியைத் தூணிலேயே வண்ணத்தால் எழுதிவைத்திருந்தார்கள். மறுநாளே அதே ஊரில் மாதா கோயிலுக்கும் அர்ச்சிப்பு! கூரை மரச்சட்டம்தான். கல் வளைவு பீடத்தின் பின்னாலுள்ள அரைவட்ட மாடத்துக்கு மட்டும். பெருமை முழுக்க அந்த மாடத்தில் தீட்டிய ஓவியத்துக்குத்தான்.

மறுமொழி:
அசல் ஓவியத்தைத் தேடி மலையேறினால் ஏமாற்றம்தான். அது பார்சிலோனாவில், கத்தலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 6.20 மீட்டர், அகலம் 3.60, குழிவின் ஆழம் 1.80. வானவில்மேல் அமர்ந்த இயேசுவின் கையிலுள்ள ஏட்டில் ‘உலகின் ஒளி நானே’ என்று லத்தீனில் இருக்கும். அந்த நீலம் ஏரினைட் என்ற பைரனீஸ் கல்லை அரைத்து எடுத்தது. வளைவில் இருக்கும், பைபிள் கதையில் வரும் ஏழை லாசரையும் அவன் புண்ணை நக்கும் நாயையும் தவறவிடாதீர்கள்.

ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தது ஏன்? முர் என்ற ஊர்க் கோயிலின் ஓவியம் வியாபாரிகள் கைக்குப் போய், கடைசியில் பாஸ்டன் அருங்காட்சியகம் சேர்ந்தது. மிச்சமாவது நாட்டில் இருக்கட்டும் என்று 1919 முதல் 1923 வரை இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டு தாவுல் இருக்கும் பள்ளத்தாக்கின் ஓவியங்களை உரித்தார்கள்.

மறுமொழி:
உரிக்கும் முறைக்கு ‘ஸ்திராப்போ’ என்று பெயர். ஓவியத்தின் தூசியைத் தட்டி, சூடான வஜ்ஜிரப் பசையில் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) தோய்த்த பருத்தித் துணியை ஓவியத்தின் மேல் ஒட்டுவார்கள். பசை காயக் காயச் சுருங்கும். அந்த இழுப்பில் வண்ணப்படலம் சாந்தை விட்டுத் துணியோடு வரும். கீழிருந்து மேலாக உரித்துச் சுருட்டிக் கொள்ளலாம். பிறகு பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டி, பால்புரதமும் சுண்ணாம்பும் கலந்த பசையால் புதுத் துணியை ஒட்ட வேண்டும். அது இறுகியதும் வெந்நீர் விட்டு, முதலில் ஓவியத்தின் மேல் ஒட்டிய துணியைக் கழற்றலாம். வெந்நீரில் வஜ்ஜிரம் கரையும், பால்புரதப் பசை கரையாது. சூட்சுமமே அதுதான்.

கெடுவதும் இங்கேதான். சுவரில் ஈரம் இருந்தால் பசை காயாது, பூஞ்சை பிடிக்கும். ஈரச்சாந்தில் தீட்டிய நிறம் தாங்கும். காய்ந்தபின் மேலே தொட்டு வைத்த கண்விழிக்கோடு, ஆடைமடிப்பு போன்றவை வெந்நீரோடு போய்விடும். சுவரின் மேடுபள்ளமும் போய், துணியின் நெசவு தெரியும். குழிவை மீட்க, மாடத்தின் வடிவிலேயே மரச்சட்டம் செய்து அதில் ஒட்டினார்கள்.

மறுமொழி:
ஒரு திருத்தம். கோயிலில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். சாந்துக்குள் ஊறிய நிறமும் உரிக்காமல் விட்ட துண்டுகளும் சுவரில் இருக்கின்றன. 1959இல் வரைந்த நகல் அவற்றை மறைத்திருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டு, பழைய ஓவியத்தை ஒளியால் சுவரில் வீழ்த்துகிறார்கள். காட்சி முடிந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். அப்போது பீடத்தருகே போய் வெறும் சுவரைப் பாருங்கள்.