புத்தர் ‘நான் இல்லை’ என்று எங்கே சொன்னார்?

பழைய ஓலை:
பக்கத்து இழையில் அமைதிவிரும்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இது: “தினமும் பத்து நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் (நடப்பதைக் கவனித்தபடி இருக்கும் தியானம்) செய்தால் போதும், ‘நான்’ என்று ஒன்று கிடையாது என்பது தானாகத் தெரிந்துவிடும். புத்தர் சொன்னதும் இதுதான், அறிவியல் சொல்வதும் இதுதான்.”

புத்தரிடம் இதை நேரடியாகக் கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறார், வச்சகோத்தர் என்ற துறவி. “ஆன்மா உண்டா?” என்றார். புத்தர் பேசவில்லை. “அப்படியானால் ஆன்மா இல்லையா?” என்றார். அதற்கும் பேசவில்லை. வச்சகோத்தர் எழுந்து போய்விட்டார். புத்தர் உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. நேரில் கேட்டவருக்கே கிடைக்காத பதில் உங்களுக்குச் செல்போன் செயலியில் கிடைத்துவிட்டதா? புத்தர் ‘நான் இல்லை’ என்று சொன்ன இடத்தைக் காட்டுங்கள்.

அமைதிவிரும்பி:
வணக்கம் ஐயா. கோபம் குறைந்தபின் படியுங்கள். சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன இரண்டாவது பேருரையே அனாத்மா (‘ஆன்மா அல்லாதது’) பற்றியதுதான். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மனிதரை ஆக்கும் கூறுகளான ஐந்து கந்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, “இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல, இது என் ஆன்மா அல்ல” என்கிறார். இன்னும் என்ன வேண்டும்? அப்புறம், பத்து நிமிடத்தைக் கிண்டல் செய்தீர்களே, அந்த ஐந்து பேரும் அந்த ஒரே உரையைக் கேட்டு அங்கேயே விடுதலை அடைந்தார்கள்.

பழைய ஓலை:
அந்த ஐந்து பேரும் அதற்கு முன்னால் உடம்பை வருத்தித் தவம் செய்தவர்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு மணிச்சத்தம் கேட்டவர்கள் அல்ல.

நீங்கள் காட்டிய வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். “இது நான் அல்ல” என்கிறார். “நான் இல்லை” என்கிறாரா? எதை எடுத்துக் காட்டினாலும் இது இல்லை, இது இல்லை என்று தள்ளுகிறார், அவ்வளவுதான். கடைசியில் மிச்சம் ஏதும் உண்டா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். வச்சகோத்தருக்கு ஏன் பதில் சொல்லவில்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்? காரணத்தைப் புத்தரே சொல்லியிருக்கிறார். வச்சகோத்தர் போனபின் புத்தரின் சீடர் ஆனந்தர் கேட்கிறார், ஏன் பேசவில்லை என்று. இல்லை என்று சொல்லியிருந்தால், ஏற்கெனவே குழம்பிப்போன மனிதர், “முன்பு எனக்கு இருந்த ஆன்மா இப்போது இல்லாமல் போய்விட்டதே” என்று இன்னும் குழம்பியிருப்பார் என்கிறார். கேட்டவருக்குத் தாங்காது என்றுதான் பேசவில்லை. பதில் தெரியாமல் இல்லை, பதில் ‘உண்டு’ என்பதாலும் இல்லை. முடிந்தது.

பழைய ஓலை:
வாருங்கள் கணக்குப்பிள்ளை. கணக்கில் பாதியை மறைப்பது உங்களுக்குப் புதிதா என்ன? அதே இடத்தில், உண்டு என்றால் ஆன்மா என்றும் நிலைக்கும் என்னும் நிலைவாதிகள் பக்கம் சாய்ந்ததாகும், இல்லை என்றால் சாவோடு எல்லாம் அழியும் என்னும் அழிவுவாதிகள் பக்கம் சாய்ந்ததாகும் என்றும் சொல்கிறார். அதை ஏன் விட்டீர்கள்? இல்லை என்பதும் தவறான பக்கம்தான். இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சூத்திரத்தில், “எனக்கு ஆன்மா உண்டு” என்ற கருத்தையும் “எனக்கு ஆன்மா இல்லை” என்ற கருத்தையும் ஒரே காட்டுக்குள் தள்ளி, இரண்டுமே சிக்கவைப்பவை என்கிறார். உங்கள் அமைதிவிரும்பி அந்தக் காட்டுக்குள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பாதியை மறைப்பது யார்? அதே விளக்கத்தில், “ஆன்மா உண்டு என்று சொல்லியிருந்தால், எல்லாத் தர்மங்களும் (பொருள்கள், நிகழ்வுகள் அனைத்தும்) அனாத்மா என்ற ஞானத்தோடு அது பொருந்துமா?” என்று கேட்கிறார், ஆனந்தர் பொருந்தாது என்கிறார். இந்த வரியை நீங்கள் போடவே இல்லையே. ‘உண்டு’ ஞானத்தோடு பொருந்தவில்லை, ‘இல்லை’ கேட்பவருக்குப் பொருந்தவில்லை. இரண்டும் ஒன்றா?

வெண்பனி:
சண்டைக்கு நடுவே ஒன்று. முதலில் ‘நான்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? அழியாத ஆன்மாவையா, அல்லது காலையில் எழுந்ததும் “எனக்குத் தூக்கம் போதவில்லை” என்கிறோமே, அந்த ஆளையா? இரண்டும் வேறு கேள்விகள் இல்லையா?

உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மூச்சைக் கவனிக்கிறேன், முழங்கால் வலிக்கிறது. ‘வலி’ என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் அது துடிப்பாக, சூடாக, குத்தலாகப் பிரிந்துபோகிறது, என்னுடைய வலி என்ற ஒட்டுதல் குறைகிறது. சரியாக அந்த நொடியில் “அடடா, எவ்வளவு நன்றாகத் தியானிக்கிறேன்” என்று உள்ளே ஒரு குரல் எழும். அது யார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பழைய ஓலை:
வெண்பனி, நல்ல கேள்வி, பிறகு பார்க்கலாம். கணக்குப்பிள்ளை, “கேட்பவருக்குப் பொருந்தவில்லை” என்பது நீங்கள் ஒட்டவைத்தது. குழப்பம் கடைசியாகச் சொன்ன காரணம்தான். அழிவுவாதிகள் பக்கம் சாய்வது என்பது அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. வரிசை தெரியாமல் பேசாதீர்கள்.

மலைவழி:
படித்தவர்கள் எல்லாம் வரிசை எண்ணிக்கொண்டிருங்கள். நான் பத்து நாள் விபாசனா தியான முகாமில் இருந்துவிட்டு வந்தவன். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாளில்தான் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது தெரிந்துவிடும் எல்லாம் வந்து போவது என்று. யாரோடும் பேசக்கூடாது என்ற விதியும் உண்டு. இந்த இழைக்கு அது மிகவும் தேவை.

கணக்குப்பிள்ளை:
பேசாமல் இருந்துவிட்டு வந்தவர், வந்த நாளிலிருந்து எல்லா இழையிலும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்.

மலைவழி:
பொறாமை.

பழைய ஓலை:
மலைவழி, வந்து போவது என்பது அநித்தியம். அதுவும் அனாத்மாவும் ஒன்றல்ல. கேமகர் என்ற துறவியின் கதை தெரியுமா? ஐந்து கந்தங்களில் எதையும் நான் என்று கருதவில்லை என்கிறார். ஆனாலும் ‘இருக்கிறேன்’ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை, அது பூவின் மணம் மாதிரி இதழில், தண்டில் என்று காட்டமுடியாமல் இருக்கிறது என்கிறார். கந்தங்களைத் துருவிப் பார்த்துப் பழகிய ஒரு துறவிக்கே இந்த நிலை. இவர் முகாம் முடிந்து பையைத் தூக்கும்போதே ‘நான்’ என்பதைக் கீழே வைத்துவிட்டாராம்!

அமைதிவிரும்பி:
ஐயா, கேமகர் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அந்த உரையாடல் முடிவதற்குள் அவரும், கேட்டுக்கொண்டிருந்த மூத்த துறவிகளும் விடுதலை அடைகிறார்கள். அந்த எண்ணமும் போகக்கூடியதுதான். பாதி சொல்லும் வழக்கம் யாருடையது இப்போது?

அறிவியலைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள். 2011ல் ஜட்சன் புரூவர் குழு வெளியிட்ட ஆய்வில், நீண்ட அனுபவமுள்ள தியானிகளுக்கு ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்ற மூளை வலைப்பின்னலின் முக்கியப் பகுதிகள் தியானத்தில் அடங்கியிருந்தன. தன்னைப் பற்றிய எண்ணங்களோடு தொடர்புள்ள பகுதிகள் அவை.

பழைய ஓலை:
அடங்கியது மூளையின் ஒரு பகுதி. அதை வைத்து ஆள் இல்லை என்பீர்களா? நீங்களே எழுதினீர்கள், நீண்ட அனுபவம் என்று. பத்து நிமிடம் எங்கே போயிற்று?

இந்த மைண்ட்ஃபுல்னஸ் எப்படி வந்தது? ஜான் கபட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஆரம்பித்தது, எட்டு வாரப் பயிற்சி. தீராத வலியோடு வந்தவர்களுக்கு, மதச் சாயம் இல்லாமல். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலியோடு வாழக் கற்றுத்தரும் பயிற்சியைப் புத்தரின் கடைசி முடிவாக ஆக்கியது யார்? உங்களைப் போன்றவர்கள். வச்சகோத்தரிடம் பேசாதிருந்தவரை விளம்பரத்தில் பேசவைத்துவிட்டீர்கள்.

மலைவழி:
இவருக்கு யார் எது செய்தாலும் பிடிக்காது. போன மாதம் மறுபிறப்பு இழையில், “ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது யார்” என்று கேட்டேன். மிலிந்த மன்னனும் துறவி நாகசேனரும் பேசும் ‘மிலிந்தன் கேள்விகள்’ நூலில் வரும் விளக்கு உவமையைச் சொல்லிவிட்டு ஆள் காணாமல் போனார்.

பழைய ஓலை:
காணாமல் போகவில்லை, நீங்கள் திட்டினீர்கள், நிர்வாகி இழையைப் பூட்டினார். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால், முதல் சுடர் எழுந்து இரண்டாவதற்குப் போகிறதா என்பதுதான் நாகசேனர் கேட்டது. அதற்கு நீங்கள் பதில் சொன்னீர்களா? என்னை ‘ஓலைப்பூச்சி’ என்றீர்கள். மறக்கவில்லை.

வெண்பனி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

கணக்குப்பிள்ளை:
வெண்பனி, இவர் பதில் சொல்ல மாட்டார், சொன்னால் வாதம் முடிந்துவிடும். ஓலையாரே, நேராகக் கேட்கிறேன். புத்தர் ஆன்மா ‘உண்டு’ என்று சொன்ன ஒரு வரி காட்டமுடியுமா?

பழைய ஓலை:
நான் எப்போது உண்டு என்றேன்? இல்லை என்று சொல்லவில்லை என்றேன். ‘இல்லை’ என்று ஒரு வரி காட்டமுடியாமல் என்னிடம் ‘உண்டு’ கேட்கிறீர்கள்.

அமைதிவிரும்பி:
புத்தர் வாக்குகளின் செய்யுள் நூலான தம்மபதம், 279: எல்லாத் தர்மங்களும் அனாத்மா. ‘எல்லாம்’ என்றால் எல்லாம்.

பழைய ஓலை:
அதே தம்மபதத்தில் 160ஐப் பார்த்துவிட்டு வாருங்கள், தனக்குத் தானே தலைவன் என்கிறது. யார் யாருக்குத் தலைவன்?

கணக்குப்பிள்ளை:
அது அன்றாடப் பேச்சு வழக்கு! இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா?

பழைய ஓலை:
உங்களுக்கு வேண்டாத வரி என்றால் அது பேச்சு வழக்கு, வேண்டிய வரி என்றால் பரம சத்தியம். மறுபிறப்பு இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். இன்று இரவு அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து இங்கேயே ஒட்டுகிறேன்.

மலைவழி:
ஒட்டுங்கள். ‘ஓலைப்பூச்சி’யையும் சேர்த்து.