மறு: தரவுத்தளச் செருகுநிரல் வழிகாட்டியில் 'இணைப்பு' என்ற சொல்

வணக்கம்.

விம் உரைத்திருத்திக்கான தரவுத்தளச் செருகுநிரல் (ப்ளகின்) வழிகாட்டியின் வரைவைப் படித்தேன். நிறுவும் பகுதி தெளிவாக இருக்கிறது. விம் 8 (2016) முதல் 'பேக்' அடைவுக்குள் ஒரு துணை அடைவு, அதற்குள் 'ஸ்டார்ட்' என்று வைத்துச் செருகுநிரலின் அடைவைப் போட்டால் போதும், திருத்தி திறக்கும்போது தானாக ஏறிக்கொள்ளும். அங்கே சொல்சிக்கல் எதுவும் இல்லை. இடறுவது அமைவுப் பகுதியில்தான். கீழே மேற்கோளாகத் தந்திருப்பவை வரைவின் வரிகளும் அதைப் பற்றி வந்த கேள்விகளும்.

> இணைப்பை நிறுவிய பின் இணைப்பைச் சேர்த்து, இணைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.

முதல் இணைப்பு, டாட்பாட் என்கிற செருகுநிரல். இரண்டாவது, தரவுத்தளம் இருக்கும் இடத்தைச் சொல்லும் வரி. மூன்றாவது, தரவுத்தளம் ஓடும் வழங்கியுடன் (சர்வர்) அந்த நேரத்தில் திறந்திருப்பது. எழுதியவருக்கு இது புரியும், புதிதாகப் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். எல்லாவற்றையும் தாண்டி முதல் வினவலை எழுத உட்கார்ந்தால், இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் 'ஜாயின்' வருகிறது. அதற்கும் இணைப்பு என்றே எழுதுகிறோம்!

ஜாயினுக்கே அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கனெக்‌ஷனுக்குத் 'தொடர்பு'.

> தொடர்பு என்றால் ரிலேஷன் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

ரிலேஷனுக்கு 'உறவு' இருக்கிறது, அதை மாற்றாமல் பயன்படுத்தினால் குழப்பம் வராது. அதோடு, பிழைச்செய்திகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'தொடர்பு கிடைக்கவில்லை', 'தொடர்பு அறுந்துவிட்டது' என்பவை நாம் ஏற்கெனவே பேசுபவை. 'இணைப்பு தோல்வியுற்றது' என்று எவரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

> எஸ்க்யூலைட்டுக்கு வழங்கியே இல்லையே, கோப்பைத் திறப்பதைத் தொடர்பு என்பதா?

எஸ்க்யூலைட்டில் தரவுத்தளம் முழுவதும் ஒரு கோப்புதான், ஆகவே கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் டாட்பாட் அதையும் மற்றவற்றைப் போலவே நடத்துகிறது: எஸ்க்யூலைட் என்ற முன்னொட்டு, முக்காற்புள்ளி, கோப்பின் பாதை. அதற்காகத் தனிச்சொல் வேண்டாம்.

> கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் = இணைப்புச் சரம்

இதில்தான் எனக்கு அதிக மறுப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதை இரண்டு வடிவங்களில் ஏற்கும். ஒன்று, வழங்கி, துறை (போர்ட்) எண், தரவுத்தளப் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் சமக்குறி போட்டு வரிசையாக எழுதுவது. மற்றொன்று, இணைய முகவரியைப் போல ஒரே வரியில் எழுதுவது. இரண்டையும் பொதுவாகக் குறிக்கச் 'சரம்' பொருந்தும். டாட்பாடுக்கு வேண்டியது இரண்டாவது வடிவம்தான், ஆகவே வழிகாட்டியில் 'தொடர்பு முகவரி' என்றே எழுதலாம்.

அதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. அந்த வரியில் பயனர்பெயர், கடவுச்சொல், அப்புறம் @, அதன்பின் வழங்கியின் பெயர். கடவுச்சொல்லுக்குள்ளேயே ஒரு @ இருந்தால் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது, அதனால் உள்ளே இருப்பதை %40 என்று எழுத வேண்டும். 'சரம்' என்று படித்தவருக்கு இது ஏன் என்று விளங்காது. 'முகவரி' என்று படித்தவர் இணைய முகவரிகளில் இதே %40-ஐப் பார்த்திருப்பார். துறை எண்ணும் அப்படியே; போஸ்ட்கிரெஸ் வழக்கமான 5432-லும் மைஎஸ்க்யூஎல் 3306-லும் ஓடினால் எழுதவே தேவையில்லை.

இன்னொன்று, வரைவில் கடவுச்சொல்லை அமைவுக் கோப்பில் நேரடியாக எழுதச் சொல்லியிருப்பதை நீக்கிவிடுங்கள். அந்தக் கோப்பைப் பலர் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி வைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கென்று 'பிஜிபாஸ்' என்ற தனிக் கோப்பு உண்டு. லினக்ஸில் அதன் அனுமதி 600 ஆக (உரியவர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும், மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால் அந்தக் கோப்பு பொருட்படுத்தப்படாது. இதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

> இயக்கியை நிறுவுக. / வாடிக்கையாளரை நிறுவுக.

டிரைவருக்கு இயக்கி, கிளையண்டுக்கு வாடிக்கையாளர்; இரண்டும் இங்கே பொருந்தாது. டாட்பாட் தரவுத்தளத்துடன் தானே பேசுவதில்லை. பிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட்3 போன்ற கட்டளைவரி நிரல்களை அழைத்து வேலையை முடிக்கிறது. அவை கணினியில் இல்லையென்றால் செருகுநிரல் எவ்வளவு சரியாக ஏறியிருந்தாலும் பயனில்லை. 'கட்டளைவரி நிரலை நிறுவுக' என்று சொன்னாலே போதும். பிஎஸ்க்யூஎல் யாரிடமும் எதையும் வாங்கவில்லை, அதைப் போய் வாடிக்கையாளர் ஆக்க வேண்டாம்.

'இயக்கி' விஎஸ் கோடு என்ற மற்றொரு திருத்திக்கான பகுதிக்குத் தேவைப்படும். அங்கே எஸ்க்யூஎல்டூல்ஸ் என்ற செருகுநிரலை நிறுவிய பிறகு ஒவ்வொரு வகைத் தரவுத்தளத்துக்கும் ஓர் இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும்.

செருகுநிரலா நீட்சியா என்ற பழைய சண்டைக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு உள்ளேயே 'எக்ஸ்டென்ஷன்' என்று ஒன்று உண்டு, அது வழங்கியின் பக்கம் சேருவது. 'நீட்சி'யை அதற்கு வைத்துக்கொண்டு, திருத்தியில் சேருவதைச் செருகுநிரல் என்போம். விஎஸ் கோடின் பட்டியலில் எக்ஸ்டென்ஷன் என்று வருவதை ஓரிடத்தில் சுட்டினால் சரி.

வரைவின் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'செருகுநிரலை நிறுவிய பின் தொடர்பு முகவரியைச் சேர்த்து, தொடர்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.'

'இயக்கி' அச்சுப்பொறி இயக்கியை நினைவூட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இடைநிரல்' எனக்கும் தோன்றியது, ஆனால் மிடில்வேருக்கு அது வேண்டியிருக்குமே. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் வரவில்லையென்றால் இயக்கி என்றே வைத்து அடுத்த வரைவை அனுப்புகிறேன்.