குணங்குறி தோன்றுமுன்: ஒரு கலைச்சொல் பற்றி

மூளைப் படமாக்கலில் மாற்றம் தெரிந்தும் அன்றாட வாழ்வில் எக்குறையும் இல்லாத பரம்பரையலகுக் காவிகளை, அதாவது டிமென்சியா எனும் மறதி நோயை உண்டாக்கவல்ல பரம்பரையலகுப் பிறழ்வைக் கொண்டவர்களை, 'முன்மறதி நோயாளர்' என்று எழுதலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நோய் வெளிப்படாதவரை நோயாளர் என்பது சொற்பிழை மாத்திரமன்று, அவருக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில், 14ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிரெசெனிலின்-1 பரம்பரையலகின் பிறழ்வொன்றைத் தலைமுறைகளாகக் காவிவரும் ஒரு பெருங்குடும்பம் உண்டு. அப்பிறழ்வு உள்ளவர்களுக்குச் சராசரியாக 44 வயதளவில் இலேசான அறிதிறன் குறைவும், 49 வயதளவில் அல்சைமர் நோயின் முழு உருவமும் வெளிப்படுகின்றன. ஆனால் பொசிற்றன் உமிழ்வுப் படமாக்கலைக் (PET) கொண்டு 2012இல் வெளியான ஆய்வு, அமிலோயிட்டுப் புரதம் 28 வயதளவிலேயே அவர்களின் மூளையில் படியத் தொடங்குவதைக் காட்டியது. இடைப்பட்ட ஏறத்தாழ 16 ஆண்டுகளும் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்தக் காலத்துக்கே நமக்குச் சொல் வேண்டும்.

'மறதி' என்பதும் போதாது. மூளையின் முன்பகுதியான நுதற்சோணை தேய்வதால் வரும் டிமென்சியா வகையில் முதலில் மாறுவது பெரும்பாலும் நடத்தையோ பேச்சோதான். நினைவு பிந்தியே தளர்கிறது.

முதுமையில் புத்தி தடுமாறுவதைக் குறிக்கும் 'அறளை' நம்மூர்ச் சொல், எனக்கு மிகவும் விருப்பமானதுங்கூட. ஆயினும் என் பெரியம்மா, தும்பு நீக்கி வைத்த பனங்கிழங்கையே திரும்பத் திரும்ப எடுத்து உரித்துக்கொண்டிருந்தபோது, "அறளை பெயர்ந்துபோச்சு" என்று உறவினர் சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் ஏளனம் ஏறிவிட்டது. முதுமையோடும் அது பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டது. நாற்பதுகளில் நிற்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆகவே 'குணங்குறிமுன் நிலை' என்பதையும், அந்நிலையில் உள்ளவரைக் குறிக்கக் 'குணங்குறிமுன் காவி' என்பதையும் முன்வைக்கிறேன். குணங்குறி என்ற சொல் நம் பாடநூல்களிலும் வைத்தியசாலைகளிலும் வழங்குவது. புதிதாக விளக்க வேண்டியதில்லை. "குணங்குறிமுன் காவியின் மூளைப் படத்தில் அமிலோயிட்டுப் படிவு தெரிகிறது" என்றால், படத்தில் கண்டறியப்பட்டது படிவு மட்டுமே என்பதும் தெளிவாகும்.

ஓர் எல்லையை மட்டும் வகுக்க வேண்டும். 'முன்' என்றால் குணங்குறி பின்னர் வந்தே தீரும் என்ற பொருள் தொனிக்கும். பிரெசெனிலின்-1 பிறழ்வு கொண்ட அக்குடும்பத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 19ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அப்போ-ஈ பரம்பரையலகின் ஈ4 வடிவம் அல்சைமர் நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறதே தவிர, அதைக் கொண்ட பலர் இறுதிவரை தெளிவோடு வாழ்கிறார்கள். அவர்களை 'கூடிய ஆபத்துடையோர்' என்று மாத்திரம் எழுதுவோம். இச்சொல்லை அவர்கள்மேல் ஏற்றவேண்டாம்.