உடற்பயிற்சி என்று எண்ணாமல் உடலை அசைக்கத் தொடங்கிய அனுபவங்கள்

தெப்பக்குளவாசி, மதுரை

எனக்கு வயது 56. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.3 என்று வந்தது. நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறீர்கள், நாள்தோறும் நடங்கள் என்றார் மருத்துவர். அன்றே கைப்பேசியில் அடிகளை எண்ணும் செயலியை இறக்கி, பத்தாயிரம் என்று இலக்கு வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு ஏழாயிரத்தில் நின்றுவிட்டால் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே விறுவிறுவென நடந்து கணக்கை முடிப்பேன். நான்காவது வாரத்தில் அந்தக் கணக்கின் மீதே வெறுப்பு வந்து, நடையும் நின்றுபோனது.

மீண்டும் நடக்க வைத்தவர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் சந்தித்த ஒரு பெரியவர். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வைகைத் தண்ணீர் வந்து குளம் நிரம்பிக் கிடந்த ஒரு மாலையில், கற்சுவரை ஒட்டி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "தம்பி, இந்தா முங்குது பாருங்க, எங்க எந்திரிக்கும்னு சொல்லுங்க" என்றார். முக்குளிப்பான் என்னும் சிறு நீர்ப்பறவை ஒன்று தலைகீழாகப் பாய்ந்து மறைந்தது. நீர்வளையம் மட்டும் மிஞ்சியது. அது எங்கே எழும் என்று தேடியபடியே இருவரும் நடந்தோம். நான் சொன்ன இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, மைய மண்டபத்தின் பக்கம் எழுந்தது. அன்று எத்தனை சுற்று நடந்தோம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நான்கு!

உங்களில் யாருக்கேனும் இப்படி ஒரு மனிதரோ ஒரு தருணமோ வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

கோலப்பொடி, கும்பகோணம்

ஐயா, எனக்கு வாய்த்தவர் என் மாமியாரின் தங்கை, வயது 74. மூட்டுவலி வந்த பிறகு நான் தரையில் உட்காருவதையே விட்டுவிட்டு, வாசலில் ஒட்டுக்கோலம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். திருமணம் ஒன்றுக்காக எங்கள் வீட்டில் தங்கிய சின்ன மாமியார், மறுநாள் விடியற்காலையில் அதற்கு அருகிலேயே 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டார். குத்துக்காலிட்டபடியே பக்கவாட்டில் நகர்ந்து, வரிசை முடிந்ததும் எழுந்து, இரண்டடி பின்வாங்கிப் பார்த்து, மறுபடியும் அமர்ந்தார். அந்த அரைமணி நேரத்தில் அவர் எத்தனை முறை எழுந்து அமர்ந்தார் என்று எனக்கே கணக்குத் தப்பியது. "முட்டி வலிக்குதுன்னு உக்கார்றத விட்டுட்டா, அப்புறம் முட்டி உக்கார்றதயே மறந்துடும்மா" என்றார்.

அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக உடனே நான் குத்துக்காலிட்டுவிடவில்லை. வலி உள்ளவர்கள் அப்படிச் செய்யவும் வேண்டாம். இயன்முறை மருத்துவரிடம் கேட்டேன். தொடைத் தசை வலுவானால் மூட்டின் சுமை குறையும் என்று கூறி, முதலில் உயரமான முக்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரப் பழக்கினார். பிறகு முக்காலிக்குப் பதில் மணை வந்தது. மணையில் அமர்ந்து 5 புள்ளி, 3 வரை போட்ட சிறு கோலத்தில் தொடங்கியவள், சென்ற மார்கழியில் 11 புள்ளி, 6 வரை வந்துவிட்டேன். வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் விடியலில் பொடிக்கிண்ணத்தை எடுக்கும்போது எனக்கு வலியின் நினைவு வருவதில்லை.

ஓய்வுபெற்ற நடத்துநர், சேலம்

நகரப் பேருந்தில் 27 ஆண்டுகள் சீட்டுக் கிழித்தவன் நான். நெரிசலுக்குள் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தது உடலுக்குச் செய்த நன்மை என்று அப்போது தெரியாது. கால் கடுக்கிறதே என்றுதான் நொந்துகொள்வேன். லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இதைத்தான் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார் என்பதைப் பின்னாளில் படித்தேன். மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் கூடுதலாக இருந்ததாம். என்னுடன் நெடுங்காலம் ஓடிய ஓட்டுநர் நண்பரை நினைத்து அன்றிரவு உறக்கம் வரவில்லை. 52 வயதிலேயே அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு இருக்கை மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அவரை அழைத்துப் பேசினேன். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: உழவர் சந்தையில் அன்றன்றைக்கு வேண்டிய காய்கறியை மட்டுமே வாங்குவது, அதையும் நடந்து போய் வாங்குவது. ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கினால் மறுநாள் போக வேண்டிய தேவை இருக்காது அல்லவா? முருங்கைக்கீரை விற்கும் அம்மா, நாங்கள் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் காரணம் கேட்கிறார்.

தெப்பக்குளவாசி, மதுரை

சகோதரிக்கு ஒரு செய்தி. ஒரேமூச்சில் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் உடலுழைப்பு கணக்கில் சேரும் என்ற வரையறையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் நீக்கிவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்ற பரிந்துரையில், தாங்கள் எழுந்து அமர்வதும் ஐயா சந்தைக்கு நடப்பதும் சேர்த்திதான். என்னை வாட்டிய பத்தாயிரமும் மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த எல்லையன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகளை எண்ணும் கருவி ஒன்றுக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும்படி வைத்த பெயரிலிருந்து பரவியது. அது தெரிந்திருந்தால் கூடத்தில் அப்படி அலைந்திருக்க மாட்டேன்.

இரவு உணவுக்குப் பின் இப்போது மனைவியும் நானும் தெருமுனை வரை நடந்து திரும்புகிறோம். இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த வேளையைத் தேர்ந்தோம். சென்ற பரிசோதனையில் 5.8 வந்தது, உணவில் அரிசியைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு.

பெரியவருக்குக் கண்ணில் புரை அறுவை முடிந்து, நேற்றுத்தான் மீண்டும் குளத்துக்கு வந்தார். முக்குளிப்பான் மூழ்கியதும் வடக்குப் பக்கம் கைகாட்டினார். இருபது அடி நடப்பதற்குள் அங்கேயே எழுந்தது.